செவலையின் காது

எங்கள் தெருமுனையில் ஓர் இஸ்திரி வண்டி நிற்கிறது. மார்கழிப் பனியில் குனிந்து அதன் அடியில் பார்த்தால் செவலை சுருண்டு கிடப்பாள். பெட்டியிலிருந்து கொட்டிய கரி ஆறிக்கொண்டிருக்கும் தகரத் தட்டுக்கு ஒரு சாண் தள்ளி, மூக்கை வாலுக்குள் செருகிக்கொண்டு படுத்திருப்பாள். அதைவிட நெருங்கினால் சுடும், விலகினால் குளிரும். அந்த ஒரு சாண் கணக்கு அவளுக்குத் தெரியும்.

எந்த வீட்டு நாய் என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. காலையில் டீக்கடையில் பொறை. பதினொரு மணிக்கு மாடி வீட்டு அக்கா வைக்கும் ரசம் சோறு. ராத்திரி ஏடிஎம் காவலாளி பிய்த்துப் போடும் பரோட்டா. இரவுப் பணி முடிந்து வரும் நர்ஸ் பெண்ணைப் பஸ் ஸ்டாப்பிலிருந்து வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுத்தான் திரும்புவாள்.

இரண்டு வருஷம் முன்பு ஒரு நாள் காலை, டீக்கடைப் பையன் ஓடிவந்தான். "அண்ணே, நம்ம செவலையைப் புடிச்சு வண்டில ஏத்திட்டாங்க!" இஸ்திரிக்காரர் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு ஓடினார். கருத்தடைக்குத்தான் கொண்டுபோகிறோம், இதே இடத்தில் கொண்டுவந்து விடுவோம் என்று வந்தவர்கள் சொன்னபிறகும் அவர் முகம் தெளியவில்லை. ஐந்தாம் நாள் வண்டி வந்தது. கதவைத் திறந்ததும் செவலை குதித்து இறங்கி, நேராக இஸ்திரி வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். வயிற்றில் ஒரு சின்னத் தையல். காது நுனியில் ஆங்கில 'வி' எழுத்துபோல ஒரு வெட்டு.

கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்ட நாய் என்பதற்கு அந்த வெட்டுதான் அடையாளம். மயக்கத்தில் இருக்கும்போதே வெட்டுவதால் வலி தெரியாது. தூரத்திலிருந்து பார்த்தாலே தெரிவதால் அதே நாயை மறுபடி பிடித்து அறுக்க வேண்டியதில்லை. அந்தக் காதைப் பார்த்தபிறகுதான் தெருநாய்களைப் பற்றி அறிவியல் என்ன சொல்கிறது என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

நாய் என்றதும் கழுத்துப்பட்டையும் சங்கிலியும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் உலகத்தில் உள்ள நாய்களில் பெரும்பங்கு செவலையைப் போலத் தெருவிலும் ஊர்ப் பொட்டலிலும் தன் போக்கில் திரிபவைதான். இந்தியாவில் மட்டும் 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி 1.53 கோடி தெருநாய்கள். மனிதர் கூடிவாழும் இடத்தை ஒட்டி, அவர் மிச்சம் வைப்பதைத் தின்று வாழ்வதுதான் நாயினத்தின் பழைய வாழ்க்கை. அதற்கான தடயம் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாய்க்கு இரண்டே படிகள்தான். நாய்க்கோ 4 முதல் 30 படிகள்வரை இருப்பதாக 2013-இல் சுவீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். வேட்டைக் கறியை விட்டு மனிதரின் சோற்றுக்கு மாறிவந்த இனம் அது. செவலை ரசம் சோற்றை நக்கி முடிக்கும்போது வேலை செய்வது அந்த மரபணுதான்.

நம் ஊரில் இந்த உறவுக்குக் கல்லில் சாட்சி உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து, அதாவது 7-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து நடுகல் ஒன்று நிற்கிறது. எருமைகளைக் கவர வந்தவர்களோடு பொருது இறந்த வீரனுக்கு எடுத்த கல். அவன் அருகில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளர் இருவரைக் கடித்த அந்த நாயின் பெயரும் கல்வெட்டில் இருக்கிறது: கோவிவன். ஒரு நாயின் பெயரை எழுத்தில் பொறித்துவைக்கும் அளவுக்கு அந்த ஊருக்கு அதன்மேல் நன்றி இருந்திருக்கிறது.

சரி, செவலை நம்மை எப்படிப் புரிந்துகொள்கிறாள்? பழக்கிய வளர்ப்பு நாய்களை வைத்தே நெடுங்காலம் ஆய்வு செய்துவந்தார்கள். பழக்காத தெருநாயைக் கேட்டவர்கள் நம் நாட்டு ஆய்வாளர்கள். கொல்கத்தாவில் உள்ள இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு பல ஆண்டுகளாகத் தெருவையே ஆய்வுக்கூடமாக வைத்து வேலை செய்கிறது. இரண்டு கிண்ணங்களை மூடி வைப்பார்கள். ஒன்றில் பச்சைக் கோழிக்கறித் துண்டு, மற்றொன்றில் கறி தடவிய வாசனை மட்டும். முன்பின் தெரியாத ஒருவர் ஒரு கிண்ணத்தைக் கைகாட்டுவார். நெருங்கி வந்த நாய்களில் பத்தில் எட்டு அவர் காட்டிய கிண்ணத்துக்கே போயின. கைகாட்டுவதற்குப் பொருள் உண்டு என்பதை யாரும் அவற்றுக்குச் சொல்லித்தரவில்லை. தெருவில் நம்மைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டிருக்கலாம். 2020-இல் வெளியான அந்த ஆய்வில் என்னைத் தொட்டது வேறொன்று. ஏறக்குறைய பாதி நாய்கள் பக்கத்திலேயே வரவில்லை. கறி வாசனை வந்தும் பதறி விலகியே நின்றன. மனிதர் கையால் முன்பு பட்டது அவற்றுக்கு நினைவிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கல்லெடுக்கக் குனிகிற கையும் சோறு வைக்கக் குனிகிற கையும் தெருநாய்க்குத் தூரத்திலிருந்து ஒன்றுபோலத்தானே தெரியும்?

அதே குழுவின் 2017 ஆய்வு இன்னும் முக்கியமானது. அறிமுகமில்லாத ஒருவர் தெருநாய்களிடம் திரும்பத் திரும்பப் போனார். சில நாய்களுக்குக் கூடுதலாகத் தீனி கொடுத்தார். சிலவற்றுக்குத் தலையில் மூன்று தடவை தடவிக்கொடுத்தார், அவ்வளவுதான். நாளடைவில் அவரை அதிகம் நம்பியவை தீனி வாங்கிய நாய்கள் அல்ல, தடவல் வாங்கியவை. அவையே அவரை விரைந்து நெருங்கின, தயங்காமல் அவர் கையிலிருந்து வாங்கித் தின்றன. குப்பைத்தொட்டியில் வயிறு நிரப்பும் உயிருக்குத் தீனியைவிடத் தொடுகை பெரிதாக இருக்கிறது. இதைப் படித்த அன்று கீழே போனேன். இஸ்திரிக்காரர் இடது கையால் சட்டையை நீவிக்கொண்டே, நெருங்கி வந்த செவலையின் நெற்றியை வலது புறங்கையால் ஒரு தடவை தேய்த்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

தெருவில் பிழைப்பது லேசானதல்ல. மேற்கு வங்கத்தில் ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்ட 364 குட்டிகளில் குட்டிபோடும் வயதை எட்டியவை ஐந்தில் ஒன்றுகூட இல்லை, 19 சதவீதமே. சாவுகளில் 63 சதவீதத்துக்கு, வண்டியில் அடிபடுவது முதல் விஷம் வைப்பதுவரை, ஏதோ ஒரு வகையில் மனிதர் காரணம். கருத்தடை இரக்கமற்றது என்று வாதிடுபவர்களிடம் இந்தக் கணக்கை நான் சொல்வதுண்டு. பிறந்து சக்கரத்தில் நசுங்குவதற்காகவே ஓர் ஈற்றுக் குட்டிகள் தேவையில்லை.

இத்தனை சொல்லிவிட்டு வெறிநோயை, அதாவது ரேபிஸைச் சொல்லாமல் விட்டால் அது பாதிப் பேச்சு. தமிழ்நாட்டில் 2024-இல் பதிவான நாய்க்கடிகள் ஏறக்குறைய 4.8 லட்சம். பள்ளிக்குப் போகிற பிள்ளையை வைத்திருக்கும் தாய் தெருநாயைக் கண்டு அஞ்சுவதை அறியாமை என்று ஒதுக்குவது அநியாயம். உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் ரேபிஸால் சாகிறார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். அதில் கணிசமான பங்கு இந்தியாவில். கிட்டத்தட்ட எல்லாமே நாய் வழியாக வருபவை.

ரேபிஸ் வைரஸ் ரத்தத்தில் ஓடுவதில்லை. கடித்த நாயின் எச்சிலிலிருந்து தசைக்குள் போய், நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளையை நோக்கி நாளுக்குச் சில சென்டிமீட்டர் என்று ஊர்கிறது. நரம்புக்குள் ஒளிந்து போவதால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதைக் கண்டுகொள்வதில்லை. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் ஒன்றுமே தெரியாது. மூளையை எட்டி அறிகுறி தொடங்கிவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. அந்த மெதுவான பயணம்தான் நமக்குக் கிடைக்கும் அவகாசம். கடிபட்டவுடன் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். இந்த வைரஸைச் சுற்றிக் கொழுப்பு உறை ஒன்று இருக்கிறது. சோப்பு அந்த உறையைக் கரைத்து வைரஸைச் செயலிழக்க வைக்கும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் வைக்கக் கூடாது. பிறகு தாமதிக்காமல் ஊசி. அரசு மருத்துவமனைகளில் முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாட்கள் என்று தோலுக்குள் போடுகிறார்கள். கடி தோலைத் துளைத்திருந்தால் காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் போட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக அஞ்சி ஊசியைத் தள்ளிப்போட்ட ஒருவரை எங்கள் உறவில் இழந்திருக்கிறோம். ஆகவேதான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

மனிதருக்கு ஊசி போடுவது கடைசி அரண். முதல் அரண் நாய்க்குப் போடும் ஊசி. தட்டம்மை கண்ட ஒரு குழந்தை தடுப்பூசி போடாத பத்துப் பதினைந்து குழந்தைகளுக்கு அதைப் பரப்பிவிடும். வெறிநோய் கண்ட நாயோ சராசரியாக இரண்டு நாய்க்குக்கூடப் பரப்புவதில்லை. அதனால்தான் ஒரு வட்டாரத்தில் பத்து நாய்க்கு ஏழு நாய் என்று ஊசி போட்டுவிட்டாலே நோய்ச் சங்கிலி அறுந்துபோகிறது. கோவாவில் இப்படித்தான் செய்தார்கள். ஆண்டுக்குச் சுமார் 95,000 நாய்களுக்கு ஊசி போட்டார்கள், பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், சந்தேகப்படும்படியான ஒவ்வொரு நாயையும் தேடிப்போய்ச் சோதித்தார்கள். நாய்களிடையே ரேபிஸ் 92 சதவீதம் குறைந்தது, மனிதச் சாவு நின்றது என்று 2022-இல் அந்த ஆய்வு வெளியானது.

நாயைப் பிடித்துக் கொன்றாலென்ன என்று கேட்பவர்களுக்குச் சென்னையே பதில். நூறாண்டுக்கும் மேலாக இந்த ஊர் மாநகராட்சி நாய்களைப் பிடித்துக் கொன்றது. நாய் குறையவில்லை, ரேபிஸும் குறையவில்லை. கருத்தடைதான் வழி என்று 1960-களிலிருந்தே சொல்லிவந்த விலங்குநல அமைப்பான புளூ கிராஸின் யோசனையை ஏற்று, 1996-இல் கொல்வதை நிறுத்தினார்கள். கொன்றால் ஏன் பலன் இல்லை? தெருவில் சோறும் குப்பையும் அப்படியே இருக்க, காலியான இடத்துக்குப் பக்கத்துத் தெரு நாய் வந்துசேரும். வருகிற நாய் ஊசி போடாத நாய். செவலையை இன்று தூக்கிப் போய்விட்டால் எங்கள் தெரு இழப்பது ஒரு நாயை மட்டுமல்ல, தடுப்பூசி போட்ட ஏழில் ஒன்றை. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றமும், வெறிநோய் கண்டவை, மூர்க்கமானவை தவிர மற்ற நாய்களுக்கு ஊசியும் கருத்தடையும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும், சோறு வைக்கத் தனி இடம் ஒதுக்க வேண்டும் என்றது. அதே ஆண்டு நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து அகற்றச் சொன்னது. பிள்ளைகள் விளையாடும் வளாகத்துக்கு அது சரிதான் என்பது என் கருத்து.

இங்கேதான் கொல்கத்தா ஆய்வும் கோவா ஊசியும் ஒன்றோடொன்று சேர்கின்றன. ஊசியின் காப்பு காலப்போக்கில் குறையும், புதுக்குட்டிகள் பிறக்கும், ஆகவே ஆண்டுதோறும் போட வேண்டும். ஊசி போட வருகிறவருக்கு ஒரு நாயை மடக்குவதுதான் பெரும்பாடு. கையைக் கண்டு விலகி ஓடும் நாய்க்கு வலை, நான்கு ஆள், அரை மணி நேரம் வேண்டும். சென்ற ஆண்டு செவலைக்கு ஊசி போட வந்தபோது இஸ்திரிக்காரர் அவள் தலையைத் தன் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல தாயி, ஒண்ணுமில்ல" என்று நெற்றியை நீவினார். கால்நடை மருத்துவர் ஊசியை ஏற்றி எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நெற்றியில் தினமும் கிடைத்த தடவல்தான் அந்த ஒரு நிமிடத்தைச் சாத்தியமாக்கியது. தெருவின் பாசம் அன்று ஒரு நோய்த்தடுப்பு வேலையைச் செய்தது. அதற்காக அறியாத நாயைப் போய்த் தடவாதீர்கள். பிள்ளைகளை விடவே விடாதீர்கள். தினம் சோறு வைக்கிற கை எதுவோ, அந்தக் கைக்கே அந்த வேலை.

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு மணியோ கருப்பனோ இருக்கும். இன்று சோறு வைக்கும்போது அதன் காதைப் பாருங்கள். வெட்டு இல்லையென்றால் மாநகராட்சிக்கோ ஊராட்சிக்கோ சொல்லுங்கள். வெட்டு இருந்தால், கடைசி ஊசி போட்டு ஒரு வருஷம் ஆகிவிட்டதா என்று விசாரியுங்கள். ஆகியிருந்தால், ஊசி போட வருகிற நாளில் நீங்களே கீழே இறங்கி வந்து அதன் தலையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.