நகர் தோன்றும் இடம்: கொற்கை முதல் தூத்துக்குடி வரை

ஊர்ப்பெயர்கள் வெறும் அடையாளங்கள் அல்ல. ஊர் தோன்றிய காரணத்தையும் அவை தம்முள் பொதிந்து வைத்துள்ளன. கடல் வாணிகம் செழித்த ஊர் பட்டினம் ஆயிற்று. கடலையொட்டிய குடியிருப்பு பாக்கம் எனப்பட்டது. சந்தை கூடிய இடம் பேட்டை என்றும், படை தங்கிய இடம் பாளையம் என்றும், நீரில் இறங்கவும் ஏறவும் வாய்த்த இடம் துறை என்றும் பெயர் பெற்றன. நகரம் ஓரிடத்தில் தோன்றுவது தற்செயலன்று என்பதை நம் மொழியே நமக்கு உணர்த்துகிறது.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் நூற்றுக்கு 31 பேரும் தமிழகத்தில் நூற்றுக்கு 48 பேரும் நகர்ப்புறங்களில் வாழ்ந்தனர். ஏறத்தாழப் பாதித் தமிழகம் நகரமாகிவிட்ட நிலையில், நகரம் ஏன் ஓரிடத்தில் எழுகிறது, ஏன் மற்றோரிடத்தில் விழுகிறது என எண்ணிப் பார்ப்பது நம் கடமையாகும்.

நகர் அமையக் காரணங்கள்

இவ்வினாவை ஆழ்ந்து ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர், தூனிசில் 1332இல் பிறந்த அறிஞர் இப்னு கல்தூன். 1377இல் அவர் எழுதிய ‘முகத்திமா’ என்னும் நூல், நகர் அமைப்போர் நோக்க வேண்டியவற்றை வகைப்படுத்துகிறது. பகைவர் எளிதில் நெருங்க இயலாத அரண், நோயற்ற காற்று, அண்மையில் நன்னீர், கால்நடைக்கு மேய்ச்சல், உணவுக்கு விளைநிலம், அடுப்புக்கும் வீட்டுக்கும் மரம் ஆகியன அவர் கூறும் தேவைகள். கூஃபா, பஸ்ரா, கைரவான் ஆகிய நகரங்களை அமைத்த அரபியர் தம் ஒட்டகங்களின் மேய்ச்சலையே பெரிதாக எண்ணி, ஏனையவற்றைக் கருதாது விட்டனர் என்று தம் இனத்தாரையே அவர் குறை கூறுகிறார். உண்மையை உரைப்பதில் உறவு பாராத அந்நேர்மை போற்றத்தக்கது.

இக்கால நிலவியலார் இவற்றோடு வேறு இரண்டு காரணங்களையும் சேர்ப்பர். ஒன்று, சரக்கு ஊர்தி மாறும் இடம். வண்டியில் வந்த பொதி கப்பலுக்கு மாறும் இடத்தில் கிடங்கு வேண்டும், சுமப்பவர் வேண்டும், தரகரும் நாணயம் மாற்றுவோரும் வேண்டும். அங்கே ஊர் தானே வளரும். மற்றொன்று பின்னிலம். துறைமுகத்துக்குப் பின்னே விளைபொருள் தரும் நிலப்பரப்பு இல்லையேல், துறை எவ்வளவு ஆழமாயினும் பயனில்லை. இவ்விரண்டும் எவ்வாறு செயற்படுகின்றன என்பதைப் பொருநை ஆற்றின் முகத்துவாரத்தில் தெளிவாகக் காணலாம்.

கொற்கை

பொதிகையில் பிறந்து 128 கிலோமீட்டர் ஓடிக் கடல் சேரும் தாமிரபரணி, இரு பருவமழைகளாலும் நீர் பெறும் ஆறாகும். அதன் கழிமுகத்தில் இருந்த கொற்கை பாண்டியரின் துறைமுகம். முத்துக்குப் பெயர் பெற்றது. சங்க நூல்கள் அதனைப் பாடுகின்றன. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘பெரிப்ளூஸ்’ என்னும் கிரேக்கக் கடற்பயண நூல், தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு அங்கு முத்துக்குளிப்பு நடைபெற்றதைக் குறிக்கிறது. ஆற்றின் வழியே உள்நாடு, கடலின் வழியே உலகம், இடையே முத்து எனக் கொற்கைக்கு எல்லாம் வாய்த்திருந்தன.

ஆனால், கொற்கையை வளர்த்த ஆறே அதனைத் தூர்த்தது. ஆண்டுதோறும் வெள்ளம் கொணர்ந்த வண்டல் கரையிற் படியப் படியக் கடல் விலகிற்று. இன்று கொற்கை கடலிலிருந்து 5 கிலோமீட்டருக்கும் அப்பால், வயல்களுக்கு நடுவே ஒரு சிற்றூராக உள்ளது.

காயல்

கடல் விலகியதும் வாணிகம் அதனைத் தொடர்ந்து கிழக்கே சென்றது. அங்கே எழுந்தது காயல். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, ஹொர்முஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளை ஏற்றி வந்த கப்பல்கள் காயலைத் தொட்டுச் சென்றதை எழுதியுள்ளார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபும் இக்குதிரை வாணிகத்தை விரிவாகக் குறிப்பிடுகிறார். பாண்டியர் படைக்குக் குதிரை வேண்டும். தமிழகத்து வெப்பநிலமோ குதிரை வளர்ப்புக்கு ஏற்றதன்று. இத்தேவையே அரபு வணிகரையும் பாண்டிய அரசரையும் ஒரே துறையில் இணைத்தது. தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியரிடம் உயர்பதவி வகித்துக் காயல் உள்ளிட்ட துறைகளை மேற்பார்த்தார் எனவும் அறிகிறோம். சமய வேற்றுமை ஆட்சிக்குத் தடையாகாத காலம் அது.

அக்காயலையும் வண்டல் விடவில்லை. 19ஆம் நூற்றாண்டில் பழையகாயலை ஆராய்ந்த பேராயர் கால்டுவெல், மண்ணில் சிதறிக் கிடந்த சீனப் பீங்கான் துண்டுகளையும் பானை ஓடுகளையும் கண்டு, ஒரு பெருநகரம் அங்கிருந்ததை உய்த்துணர்ந்தார். முகத்துவாரத்துக்குத் தெற்கே உள்ள காயல்பட்டினம் மட்டும் வேறு வழியில் வாழ்ந்தது. கப்பல் வராது போயினும், அவ்வூர் மக்கள் கப்பலேறி இலங்கைக்கும் பிற நாடுகளுக்கும் வணிகம் செய்யச் சென்றனர். ஈட்டியதை ஊருக்கு அனுப்பினர். இடத்தின் வளம் குன்றிய பின்னும் மக்களின் உழைப்பு ஓர் ஊரைக் காக்கும் என்பதற்கு அது சான்று.

தூத்துக்குடி

தூத்துக்குடியின் சிறப்பு, அது ஆற்றுமுகத்தில் இல்லாமையே. வண்டல் தொல்லை அதற்கு இல்லை. எதிரே உள்ள சிறு தீவுகள் அலையின் வேகத்தைத் தணித்தன. போர்த்துக்கீசியரும், 1658 முதல் டச்சுக்காரரும், பின்னர் ஆங்கிலேயரும் அதனை நாடியது இதனாலேயே. எனினும் கரையோரக் கடல் ஆழமற்றது. பெருங்கப்பல்கள் தொலைவில் நிற்க, தோணிகளே சரக்கைச் சுமந்தன. பின்னிலமாக அமைந்த கரிசற்காடு பருத்தியைத் தந்தது. 1876இல் இருப்புப்பாதை வந்தது. பஞ்சு வண்டியிலிருந்து தோணிக்கும், தோணியிலிருந்து கப்பலுக்கும் மாறும் இடத்தில் நகரம் பெருகியது. வ.உ.சிதம்பரனார் 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியதும் இத்துறையில்தான். 1974இல் அலைதடுப்புச் சுவர்களுடன் புதிய ஆழ்துறைமுகம் திறக்கப்பட்டது.

ஆற்றைத் தவிர்த்ததால் வளர்ந்த நகரம், குடிநீருக்கு அவ்வாற்றையே நம்பி நிற்கிறது. தாமிரபரணி நீரே குழாய்வழி அதன் வீடுகளுக்கும் ஆலைகளுக்கும் செல்கிறது. நகரம் எங்கு எழுந்தாலும் அதன் வேர் தன் எல்லைக்கு வெளியே உள்ளது என்பதை இதனால் அறியலாம்.

மறந்த நிலமும் நினைவூட்டிய மழையும்

2023 டிசம்பர் 17, 18ஆம் நாள்களில் பெய்த பெருமழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 946 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. இஃது அப்பகுதி ஓராண்டு முழுவதும் பெறும் சராசரி மழையைவிட மிகுதி. பொருநை கரைபுரண்டது, கோரம்பள்ளம் குளம் உடைப்பெடுத்தது, தூத்துக்குடியின் தெருக்களில் வெள்ளம் நாள்கணக்கில் நின்றது. மழை குறைந்த நாடு எனக் கருதி ஓடைகளையும் தாழ்நிலங்களையும் வீட்டுமனைகளாக்கிய ஊர்களுக்கு இஃது ஒரு கடும்பாடம். நீர் தன் பழைய வழியை மறப்பதில்லை, மறப்பவர் மனிதரே.

கொற்கை அழிந்ததற்கு எவரையும் குறை கூற இயலாது. அஃது இயற்கையின் செயல். ஆனால், குளத்தைத் தூர்த்து, ஓடையை அடைத்து, ஆற்றைக் கழிவால் நிரப்பி நாம் அழிக்கும் நகருக்கு நாமே பொறுப்பு. நகரை அமைப்போர் காற்றையும் நீரையும் நிலத்தையும் நோக்க வேண்டும் என 600 ஆண்டுகளுக்கு முன் இப்னு கல்தூன் உரைத்தது, நேற்று மனைப்பிரிவு வரைந்தவருக்கும் பொருந்தும்.

மாணவச் செல்வங்கள் தத்தம் ஊர்ப்பெயரின் பொருளை ஆராய வேண்டும். ஊரில் ஓடிய வாய்க்கால் எது, நிறைந்த குளம் எது எனப் பெரியோரிடம் கேட்டு எழுதிவைக்க வேண்டும். பெரியோரும் அவற்றை மனம் உவந்து கூற வேண்டும். ஊர் ஏன் அங்கே தோன்றியது என அறிந்தவரே, அஃது அங்கே நிலைக்க வழி காண்பர்.