மென்பொருளை மாற்றினால் பெயர்கள் ஏன் கிறுக்கலாகின்றன?

கொச்சி இடப்பள்ளியில் சிறு கடை நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சிக்கலான பழைய மென்பொருளை விட்டு எளிய ஒன்றுக்கு மாறுகிறீர்கள். தொடர்புப் பட்டியலைத் திறந்தால், தமிழ், மலையாளப் பெயர்கள் எல்லாம் கிறுக்கல். கைபேசி எண்கள் மட்டும் பத்திரம். எப்படி?

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். மட்டாஞ்சேரிக் கிடங்கில் மூட்டைமேல் எண் மட்டும் இருப்பதாக நினையுங்கள். உள்ளே மிளகா, ஏலக்காயா என்று சொல்வது பேரேடு. பேரேட்டை மாற்றிப் பிடித்தால், மிளகு மூட்டையை ஏலக்காய் என்று படிப்பீர்கள்.

யுடிஎஃப்-8 என்ற பேரேட்டில் 'அ' என்பது 224, 174, 133 என மூன்று எண்கள். பழைய மேலைநாட்டுப் பேரேடு அவற்றை மூன்று தனிக் குறிகளாகப் படிக்கிறது. 0 முதல் 9 வரையிலான இலக்கங்களுக்கோ இரண்டிலும் ஒரே குறியீடுதான்.

நல்ல வேளை, சரக்கு கெடவில்லை. கிறுக்கலை அப்படியே சேமித்துவிடாதீர்கள். கோப்பை மறுபடி திறக்கும்போது யுடிஎஃப்-8ஐத் தேர்ந்தெடுங்கள், பெயர்கள் திரும்பிவிடும்.

எக்ஸெலில் இன்னொரு கண்ணி உண்டு. கொச்சியின் தொலைபேசிக் குறியீடான 0484ஐ அது வெறும் எண்ணாக நினைத்து 484 ஆக்கிவிடும். அந்த எண்கள் வரும் நெடுவரிசையை முன்கூட்டியே 'உரை' என்று குறித்துவிடுங்கள்.

மென்பொருளை மாற்றினால் மின்னஞ்சல் என்னாகும்? ஐமேப் முறையென்றால் கடிதங்கள் சர்வரிலேயே இருக்கும். புதிய மென்பொருள் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும். பாப் முறையென்றால் ஒரே பிரதி பழைய கணினியில் மட்டும் இருக்கலாம். நகலெடுத்துச் சரிபார்க்கும்வரை அந்தக் கணினியைக் கழற்றவே வேண்டாம்.