பலகையைப் பிளந்து பனிமலை ஏறுதல்

பனி படர்ந்த மலைச்சரிவில் வழுக்கி இறங்குவதற்கு இரண்டு வகைப் பலகைகள் வழக்கில் உள்ளன. காலுக்கொன்றாக அணியப்படும் ஒடுங்கிய நீண்ட இணை ஸ்கீ எனப்படும். அதை அணிந்தவர் முன்னோக்கிப் பார்த்தபடி இறங்குவார். இரண்டு கால்களையும் குறுக்காகப் பிணைத்துக்கொண்டு பக்கவாட்டில் நின்று இறங்கப் பயன்படும் ஒற்றை அகலப் பலகை ஸ்னோபோர்ட், அதாவது பனிப்பலகை எனப்படும். இறங்குவதில் ஒன்றுக்கொன்று சளைத்தவையல்ல. ஏறுவதில்தான் வேறுபாடு தெரியவரும். ஸ்கீ அணிந்தவர் குதிக்காலை மட்டும் பிணைப்பிலிருந்து விடுவித்து, கட்டையின் அடியில் மயிர்ப்பட்டை ஒன்றை ஒட்டிக்கொண்டு, பனியில் புதையாமல் மேட்டில் நடந்தே ஏறிவிடுவார். பனிப்பலகைக்காரரோ பலகையை முதுகில் சுமந்துகொண்டு, தொடையளவு பனியில் கால் புதையப் புதைய நடக்க வேண்டியிருந்தது. இந்தக் குறையைத் தீர்ப்பதற்காக, பலகையை நீளவாக்கில் நேர்பாதியாகப் பிளந்து, ஏறும்போது இரண்டு ஸ்கீகளாகவும், உச்சியை அடைந்தபின் மீண்டும் பூட்டி ஒரே பலகையாகவும் பயன்படுத்தும் வகையில் அமைக்கப்பட்டதே ஸ்பிளிட்போர்ட் என்னும் பிளவுப்பலகை. கம்பிவண்டியும் காவலும் இல்லாத திறந்த மலைப்புறங்களில் இதைக் கொண்டு ஏறி இறங்குவது இன்று தனியொரு விளையாட்டாகவே வளர்ந்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், பனிப்பலகை பிறந்ததே இரண்டை ஒன்றாகச் சேர்த்ததால்தான். 1965 ஆம் ஆண்டு நத்தார் நாளில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து மஸ்கீகன் நகரில், ஷெர்மன் பொப்பன் என்பவர் வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டுக்காக இரண்டு ஸ்கீகளைப் பக்கம் பக்கமாகப் பிணைத்துக் கொடுத்தார். அது ஸ்னர்ஃபர் என்ற பெயரில் விளையாட்டுப் பொருளாகக் கடைக்கு வந்தது. 1977இல் வெர்மண்ட் மாநிலத்தில் ஜேக் பேர்ட்டன் கார்பென்டர் தொடங்கிய நிறுவனம் அதை முறையான விளையாட்டுக் கருவியாக வளர்த்தெடுக்க, 1998இல் ஜப்பானின் நாகானோவில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் பனிப்பலகை இடம்பிடித்தது. இதற்கிடைப்பட்ட காலத்தில், பலகைக்காரரை முதலில் உள்ளே விட மறுத்த சறுக்குத்தலங்கள் ஒவ்வொன்றாகக் கதவைத் திறந்தன; மேலே கொண்டுபோய் விட இயந்திரம் கிடைத்ததும், நடந்து ஏறுவதைப் பற்றிப் பெரும்பாலோர் கவலைப்படவில்லை.

கவலைப்பட்ட சிலரே பலகையை வாளால் அறுத்துப் பார்த்தனர். சுவிற்சர்லாந்தில் உவேலி பெட்டன்மன் பிளவுபட்ட பலகைகளை முன்னோடியாகச் செய்துபார்த்தவர்களுள் ஒருவர். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிரெட் கோபர்னிக் என்பவர் தம் பலகையைத் தாமே பிளந்து, சோல்ட் லேக் நகரில் மலைச்சறுக்குக் கருவிகள் செய்துவந்த வொய்லே நிறுவனத்தாரிடம் கொண்டு சென்றார். அந்நிறுவனம் அந்தப் பத்தாண்டின் நடுப்பகுதிக்குள் முழுமையான பிளவுப்பலகையை விற்பனைக்கு விட்டது மட்டுமன்றி, பழைய பலகையை வீட்டிலேயே பிளந்துகொள்ள விரும்புவோருக்காக வேண்டிய கொக்கி, தட்டு, திருகாணி எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடைத்தும் விற்றது. ஆகவே வீட்டில் பிளந்த பலகையைக் கடைப் பலகையின் மலிவான நகல் என்று கருதுவது வரலாற்றைத் தலைகீழாக்குவதாகும். கடைப் பலகைதான் வீட்டுப் பலகையைப் பார்த்துச் செய்யப்பட்டது.

தெற்காசியாவில் இவ்விளையாட்டுக்கு மிகப் பொருத்தமான இடம் காஷ்மீரின் குல்மார்க். இலங்கையின் மிக உயர்ந்த சிகரமான பீதுருதாலகாலை 2,524 மீற்றர். குல்மார்க்கின் புல்வெளியே ஏறத்தாழ 2,650 மீற்றர் உயரத்தில் கிடக்கிறது. அதற்கு மேல் பீர் பஞ்சால் தொடரைச் சேர்ந்த அஃபர்வத் மலை 4,300 மீற்றரையும் தாண்டி நிற்கிறது. மத்தியதரைக் கடற்பக்கமிருந்து மேற்குக் காற்றோடு வரும் குளிர்காலத் தாழமுக்கங்கள் இங்கேதான் பனியைக் கொட்டுகின்றன. குல்மார்க்கிலிருந்து கொங்டூரி வரையிலான கம்பிவண்டி 1998இலும், அங்கிருந்து 3,950 மீற்றர் அளவிலுள்ள மலைத்தோள் வரையிலான இரண்டாம் கட்டம் 2005இலும் இயங்கத் தொடங்கின. அதன்பின்னரே உலகின் பல திசைகளிலிருந்தும் சறுக்குவோர் குல்மார்க்கைத் தேடி வரலாயினர். 2022 பீஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே போட்டியாளராகப் பங்கேற்ற ஆரிஃப் கானும் இவ்வூர்ச் சரிவுகளில் வளர்ந்தவர். அவருடைய தந்தை இங்கு சறுக்குக் கருவிக் கடை நடத்தியவர்.

கம்பிவண்டி இருக்கும் இடத்தில் பிளவுப்பலகை எதற்கு என்று கேட்கலாம். காற்று பலத்தால் இரண்டாம் கட்ட வண்டி ஓடாது. புதுப்பனி விழுந்த மறுநாள் வண்டி ஓடினாலோ, அதன் கீழுள்ள சரிவு சில மணி நேரத்திலேயே தடம் பட்டுக் குழம்பிவிடும். வண்டி விடும் இடத்திலிருந்து இன்னும் ஒன்றிரண்டு மணி நேரம் முகட்டோரமாக நடக்கக்கூடியவருக்கு, யாரும் தொடாத பள்ளத்தாக்குகள் திறந்து கிடக்கின்றன. அங்கிருந்து காடுகளூடாகத் திராங், பாபாரேஷி ஆகிய பக்கங்களுக்கு இறங்கி, வாகனத்தில் குல்மார்க்குக்குத் திரும்பலாம். இமாசலப் பிரதேசத்தில் 2020 ஒக்ரோபரில் திறக்கப்பட்ட 9 கிலோமீற்றர் நீள அடல் சுரங்கப்பாதை, குளிர்காலத்தில் அடைபட்டுக் கிடந்த லாகூல் பள்ளத்தாக்கையும் இத்தகையோருக்கு எட்டக்கூடியதாக்கியது. அங்கே கம்பிவண்டியின் துணையில்லை, ஏறுவதானால் கால்தான். ஆயினும் இப்பகுதிக் கடைகளில் வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் ஸ்கீயும் சாதாரணப் பனிப்பலகையுமே. புதிய பிளவுப்பலகை சாதாரணப் பலகையைவிட விலை கூடியது. அதற்கென்ற பிணைப்பும் மயிர்ப்பட்டையும் சேர்த்துத் தீர்வையும் கட்டி வரவழைப்பதென்றால் செலவு பன்மடங்காகும். பழைய பலகையை வாளுக்குக் கொடுக்கும் எண்ணம் இவ்விடத்தில் நியாயமானதே.

பனிப்பலகையின் உள்ளமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் அறுப்பதன் சிக்கல் புரியும். மெல்லிய மரப்பட்டிகளை ஒட்டிச் செய்த நடுப்பாகத்தின் மேலும் கீழும் கண்ணாடி நாரிழையும் எபொக்சிப் பசையும் படிந்திருக்கும். மன்னாரிலும் கற்பிட்டியிலும் மீனவர் ஓட்டும் பைபர் படகுகளின் உடம்பும் இந்த நாரிழை இனமே. அடியில் வழுக்கும் தன்மையுள்ள பொலிஎத்திலீன் படலமும், விளிம்பைச் சுற்றி உருக்குக் கம்பியும் இருக்கும். காலணிப் பிணைப்பைப் பூட்டுவதற்கான 6 மில்லிமீற்றர்த் திருகாணிக் குழிகள், பெரும்பாலான பலகைகளில் நடுக்கோட்டின் இருபுறமும் 4 சென்ரிமீற்றர் இடைவெளியுள்ள இரு வரிசைகளாகப் பதிக்கப்பட்டிருப்பதால், நடுக்கோட்டில் ஓடும் வாள் எந்தக் குழியையும் தொடாது. நடுக்கோட்டிலேயே ஒரே தவாளிப்பாகப் பிணைப்புத் தடம் பதித்த பலகைகளும் உண்டு. அவற்றைப் பிளக்க நினைக்காமலிருப்பதே நல்லது. படைகள் பிரிந்து உப்பியவை, வளைவு செத்துத் தொய்ந்தவை ஆகியவற்றையும் விலக்கிவிட வேண்டும். அறுத்தபின் எந்தப் பலகையும் முறுக்குத் தாங்கும் வலுவில் ஓரளவை இழக்குமாதலால், சற்று விறைப்பான, நீளமான பலகையே தக்கது.

வேலை நடுக்கோட்டைக் குறிப்பதில் தொடங்குகிறது. முனையிலும் வாலிலும் அகலத்தை அளந்து மையம் கண்டு, இடையில் பல இடங்களில் சரிபார்த்து, கோட்டின்மேல் ஒட்டுநாடா ஒட்டிக்கொள்வர். நாடா இல்லாவிடில் மேற்படலம் வாயோரத்தில் சில்லுச் சில்லாகப் பெயர்ந்துவரும். முனையிலும் வாலிலும் உருக்கு விளிம்பு கோட்டைக் குறுக்கிடும் இரண்டு இடங்களையும் முதலில் இரும்பறுக்கும் வாளால் தனியே வெட்டிவிடுவர். மரமறுக்கும் வட்டவாள் உருக்கில் பட்டால் பற்கள் போய்விடும். பிறகு நேரான உலோகச் சட்டமொன்றைக் கவ்விகளால் பலகையோடு இறுக்கி, அதன் ஓரமாக வாளை ஒரே சீரான வேகத்தில், நடுவில் நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். வாளலகு மெல்லியதாக இருக்க வேண்டும். அது தின்னும் ஒவ்வொரு மில்லிமீற்றரும் பூட்டிய பலகையின் நடுவே இடைவெளியாகத் தெரியும். நாரிழைத் தூள் கண்ணுக்கும் நுரையீரலுக்கும் ஆகாது என்பதால் மூச்சுக்கவசமும் கண்ணாடியும் அணிந்து, காற்றோட்டமான இடத்தில் வைத்தே இதைச் செய்ய வேண்டும்.

அறுத்து முடிந்ததும் பலர் அவசரப்படுவது பூட்டுகளைப் பொருத்துவதில். கெடுவது வெட்டுவாயை அடைக்காததால். இதுவரை மூடியிருந்த மரம் இப்போது நீளம் முழுவதும் திறந்து நிற்கிறது. உருகிய பனிநீர் உள்ளே ஊறி, இரவில் உறைந்து விரிந்தால், ஒரே பருவத்தில் படைகள் பிரியத் தொடங்கிவிடும். எனவே வெட்டுவாயை மணற்றாளால் தேய்த்து மழுப்பி, நீர்த்த எபொக்சியையோ படகுகளுக்குப் பூசும் வார்னிஷையோ இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு பூச்சும் காய்ந்தபின், பூசுவர். துளையிடும் ஒவ்வொரு இடத்துக்கும் இதே விதிதான்.

பூட்டுகள் மூன்று வேலைகளைச் செய்ய வேண்டும். முனையிலும் வாலிலும் உள்ள கொளுவிகள் இரு பாதிகளும் விலகாமல் பிடிக்கும். நடுவிலுள்ள கொக்கிகள் ஒரு பாதி மற்றதைவிட மேலெழாமல் தடுக்கும். கால் வைக்கும் இரண்டு இடங்களிலும் பாதிக்கொன்றாகப் பதித்த பிளாஸ்டிக் வில்லைகளின்மேல் பிணைப்பின் அடித்தகடு வழுக்கி ஏறி, முளையொன்றால் பூட்டப்படும். இறங்கும்போது பலகையை ஒன்றாக்குவது உண்மையில் இந்தத் தகடுதான். ஏறும்போது அதே பிணைப்பைக் கழற்றி ஒவ்வொரு பாதியின் நடுவிலும் உள்ள கீலில் மாட்டினால், விரல்பக்கம் பிடிபட்டு, குதிக்கால் சுதந்திரமாக எழும்; சரிவு செங்குத்தாகும்போது குதிக்காலுக்கு முட்டுக்கொடுக்க மடக்குக் கம்பியொன்றும் உண்டு. பிளந்த பாதிகளைக் கவ்வியால் மீண்டும் இறுகச் சேர்த்து வைத்துக்கொண்டே துளைகளைக் குறிக்க வேண்டும். வில்லைகள் சிறிது கோணினாலும் மலைமேல், விறைத்த விரல்களோடு, தகட்டை ஏற்ற முடியாது. திருகாணிகளைத் தாங்கும் மரைகளை அடிப்பக்கமாகப் படலத்துக்குள் அமிழ்த்திப் பதித்து, மேலே பொலிஎத்திலீனை உருக்கி ஊற்றிச் சமப்படுத்துவர்.

வீட்டில் செய்ய முடியாதவை இரண்டு. தொழிற்சாலைப் பிளவுப்பலகையின் உள்ளோரங்களிலும் உருக்கு விளிம்பு இருக்கும். வீட்டுப் பலகையில் அது வெறும் மரவாய். உறைந்து கடினமான சரிவைக் குறுக்காகக் கடக்கையில் அந்த ஓரம் பனியைப் பற்றாமல் நழுவுவதால், வீட்டுப் பலகையின் வாசி ஆழமான மென்பனியிலேயே தெரியும். குல்மார்க்கின் சனவரி, பெப்ரவரிப் பனி பெரும்பாலும் அத்தகையது என்பது ஓர் ஆறுதல். மற்றையது மயிர்ப்பட்டை. முற்காலத்தில் சீல் விலங்கின் தோலால் ஆன இது, இன்று அங்கோரா ஆட்டு மயிராலோ நைலோனாலோ நெய்யப்படுகிறது. மயிர்கள் பின்னோக்கிப் படிந்திருப்பதால் முன்னே தள்ளினால் வழுக்கும், பின்னே இழுத்தால் பிடிக்கும். இதை வாங்கத்தான் வேண்டும். வாங்கியபின் உருக்கு விளிம்பு மட்டும் வெளியே தெரியும்படி பலகையின் வளைவுக்கேற்ப வெட்டிக்கொள்ளலாம்.

இவையெல்லாம் ஓரிரு வார இறுதிகளில் முடியும் வேலைகள். ஆனால் கருவி கைக்கு வந்தபின் அது கொண்டுபோய் விடும் இடமே வேறு. சறுக்குத்தலத்தின் தடுப்புக் கயிற்றுக்கு அப்பால் பனிச்சரிவைக் கண்காணிப்பவர் இல்லை. காற்று சுமந்து கொட்டிய பனிப்பாளம், அடியிலுள்ள வலுவற்ற படையின்மேல் ஒட்டாமல் கிடந்து, மனிதர் ஒருவரின் எடை பட்டதும் முறிந்து ஓடுவதே பனிச்சரிவு விபத்துகளில் பெரும்பாலானவற்றின் கதை. இது மிகுதியும் 30 முதல் 45 பாகை வரையிலான சரிவுகளில் நிகழ்கிறது. சறுக்குவோர் விரும்பித் தேடுவதும் அதே சரிவுகளைத்தான். அஃபர்வத் பக்கத்தில் 2023 பெப்ரவரி 1ஆம் திகதி போலந்து நாட்டவர் இருவரும், 2024 பெப்ரவரி 22ஆம் திகதி ரஷ்யர் ஒருவரும் பனிக்குள் புதைந்து இறந்தனர். 2010 பெப்ரவரியில் குல்மார்க்கிலுள்ள இந்திய இராணுவ உயர்மலைப் போர்ப்பள்ளியைச் சேர்ந்த படையினர் 17 பேர், பயிற்சி பெற்றவர்களாயிருந்தும், தப்பவில்லை. 2016 பெப்ரவரியில் சியாச்சின் பனியாற்றுப் பகுதியில் மெட்ராஸ் படைப்பிரிவின் பத்துப் பேரை மூடிய பனிச்சரிவு தமிழ்நாட்டின் பல வீடுகளுக்குத் துக்கத்தைக் கொண்டுவந்தது.

புதையுண்டவர் முதல் பதினைந்து நிமிடங்களுக்குள் தோண்டி எடுக்கப்பட்டால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். அதன்பின் அரைமணி நேரத்துக்குள் அது மளமளவெனக் குறைந்துவிடும். மீட்புப்படை வந்துசேர அதைவிட நேரமாகும் என்பதால், காப்பாற்ற வேண்டியவர் கூட வந்தவர்தான். 457 கிலோஹேர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் தேடற்கருவி, மடக்கிக் கொண்டுசெல்லும் நீண்ட துழாவுகோல், அலுமினிய மண்வெட்டி ஆகிய மூன்றையும் ஒவ்வொருவரும் வைத்திருக்க வேண்டும். வைத்திருந்தால் போதாது, கண்ணை மூடிக்கொண்டும் இயக்கப் பழகியிருக்க வேண்டும். பலகையை வீட்டில் பிளந்து மிச்சப்படுத்திய பணத்தை இந்த மூன்றிலும் ஒரு பனிச்சரிவுப் பயிற்சி வகுப்பிலும் செலவிடாதவர் அதை மிச்சப்படுத்தியதில் பொருளில்லை. தம் பலகையைத் தாமே அறுத்த கோபர்னிக் பிற்காலத்தில் யூட்டா பனிச்சரிவு நிலையத்தில் முன்னறிவிப்பாளராகப் பணியாற்றினார்.

கொழும்பில் இதை வாசிப்பவர்களுள் பலரின் உறவினர் சுவிற்சர்லாந்திலோ கனடாவிலோ இருப்பர். அவர்களுடைய பிள்ளைகள் பள்ளிக்கூடச் சறுக்கு முகாம்களில் பழகி, வளர்ந்தபின் தடுப்புக் கயிற்றைத் தாண்டிப் போக ஆசைப்படக்கூடும். சுவிற்சர்லாந்தின் டாவோஸிலுள்ள பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் நாள்தோறும் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும், அபாயத்தை ஒன்று முதல் ஐந்து வரை தரப்படுத்தி, ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளில் இலவச அறிக்கை வெளியிடுகிறது. தமிழில் அது இல்லை. அந்நாட்டிலுள்ள பிள்ளைகளுக்கு ஜெர்மனோ பிரெஞ்சோ தெரியும் என்பதால் புறப்படுமுன் அதைப் படித்தாயிற்றா என்று தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்டு வைக்கலாம்.