பட்டு நகரத்தின் பேஸ்பால் மைதானம்... 26 ஆண்டுகளுக்குப் பிறகு திறந்த கதவு!

ஆரணி, தெள்ளார் பக்கம் தறிச்சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அமெரிக்காவின் பேட்டர்சன் நகரம் அந்நியமாகத் தெரியாது. நியூ ஜெர்சி மாநிலத்தில் இருக்கும் அந்த ஊரின் செல்லப்பெயரே 'சில்க் சிட்டி'தான். ஊர் நடுவே கொட்டும் அருவியின் விசையில் ஓடிய ஆலைகள் அங்கே ஏராளம். ஒருவரே நான்கு தறிகளைப் பார்க்க வேண்டும் என்பதை எதிர்த்தும், 8 மணி நேர வேலை கேட்டும் 1913-ல் பட்டுத் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது.

அந்த அருவிக்குப் பக்கத்தில் 1932-ல் திறக்கப்பட்டது ஹின்ச்லிஃப் ஸ்டேடியம். கறுப்பின வீரர்களைப் பெரிய லீக்குகள் சேர்த்துக்கொள்ளாத காலம் அது. அவர்கள் தங்களுக்கென நடத்திய 'நீக்ரோ லீக்' ஆட்டங்களுக்கு இந்த மைதானம் இடம் கொடுத்தது. 'நியூயார்க் பிளாக் யாங்கீஸ்' அணிக்கு இதுதான் சொந்த மண். பள்ளிக் காலத்தில் இங்கே ஆடிய உள்ளூர்ப் பையன் லாரி டோபி, 1947-ல் அமெரிக்கன் லீக்கின் முதல் கறுப்பின வீரர் ஆனார்.

பராமரிப்பு இல்லாமல் 1997-ல் மைதானம் மூடப்பட்டது. படிக்கட்டுகளில் செடிகொடி மண்டியது, சுவர் முழுக்கக் கிறுக்கல்கள். இடித்துவிடலாம் என்ற பேச்சும் வந்தது. ஊர்க்காரர்கள் விடவில்லை. 2013-ல் தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. 2021-ல் சீரமைப்பு தொடங்கி, 2023 மே மாதம் கதவு திறந்தது. பக்கத்திலேயே முதியோருக்குக் குறைந்த வாடகை வீடுகளும் எழுந்தன.

பட்டு ஆலைகள் ஓய்ந்த ஊரில் பள்ளிப் பிள்ளைகள் மீண்டும் ஆடுகிறார்கள். தறி இன்னும் ஓடும் நம்ம ஊரில், பிள்ளைகள் ஆடும் மைதானத்தை இப்போதே காப்பாற்றிவிட்டால், 26 வருஷம் காத்திருக்க வேண்டாமே!