குற்றப் பட்டியலில் இடம்பெறாத குண்டுகள்

அமெரிக்க ஜனாதிபதி ஒருவரை 'இம்பீச்' செய்வதால் அரசியல்ரீதியாகப் பயன் உண்டா என்று கேட்டால் நம் நண்பர்களிடமிருந்து இரண்டு பதில்கள்தாம் வருகின்றன. 'செனட்ல மூணுல ரெண்டு பங்கு கிடைக்காதுன்னு தெரிஞ்சும் எதுக்கு இந்தக் கூத்து?' என்பது ஒன்று. 'தோத்தாலும் வரலாற்றில் பதிவாகட்டும்' என்பது மற்றது. இரண்டும் வாக்கு எண்ணிக்கையைத் தாண்டுவதில்லை. எந்தக் குற்றத்துக்காக என்ற கேள்வியை இரண்டுமே எழுப்புவதில்லை. என் அக்கறை அங்கேதான் இருக்கிறது.

நடைமுறையை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரதிநிதிகள் சபை சாதாரணப் பெரும்பான்மையில் குற்றம் சாட்டுகிறது. 'இம்பீச்மென்ட்' என்பது இவ்வளவுதான். போலீஸ் குற்றப்பத்திரிகை மாதிரி. விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது செனட். வந்திருக்கும் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் குற்றவாளி என்றால் பதவி போகும். தேசத்துரோகம், லஞ்சம், 'இதர பெருங்குற்றங்களும் தவறான நடத்தைகளும்' ஆகியவற்றுக்காக இதைச் செய்யலாம் என்கிறது அரசியல் சட்டம். இந்த மூன்றாவது, ரப்பர் மாதிரி இழுக்கக்கூடியது. ஜெரால்ட் ஃபோர்ட் 1970இல், ஒரு நீதிபதியை நீக்கும் முயற்சியின்போது, சபையின் பெரும்பான்மை எதைக் குற்றம் என்று கருதுகிறதோ அதுவே குற்றம் என்று வெளிப்படையாகவே பேசினார். பலர் இதைச் சந்தர்ப்பவாதம் என்பார்கள். நான் அதை நேர்மையான வாக்குமூலமாகவே படிக்கிறேன். குற்றம் முன்பே எங்கேயோ கிடப்பதில்லை. அதிகாரம் பட்டியல் போடும்போதுதான் அது குற்றமாகிறது. பட்டியலுக்கு வெளியே விடப்பட்டவை 'கொள்கை' ஆகிவிடுகின்றன.

1868இல் ஆண்ட்ரூ ஜான்சன்மேல் சாட்டப்பட்ட 11 குற்றங்களைப் பாருங்கள். அடிமை முறை ஒழிந்த பிறகு கறுப்பின மக்களுக்கு உரிமைகள் வழங்கிய மசோதாக்களைத் தடுத்து நின்றவர் அவர். 1866இன் குடியுரிமைச் சட்டத்தை அவருடைய வீட்டோவை மீறித்தான் நிறைவேற்ற வேண்டியிருந்தது. உண்மையான மோதல் அதுதான். ஆனால் பட்டியலில் பெரும்பாலானவை, போர்த்துறைச் செயலாளர் ஸ்டான்டனைச் செனட்டின் ஒப்புதலின்றி நீக்கியது பற்றியவை. 35க்கு 19, ஒரே ஓட்டில் தப்பினார். விடுதலை பெற்ற மக்களின் பிரச்சினை ஒரு மந்திரியின் வேலைப் பிரச்சினையாகச் சுருங்கிப்போனது.

நிக்சன் விவகாரம் இன்னும் தெளிவானது. இம்பீச்மென்ட் ஆதரவாளர்கள் எப்போதும் வெற்றிக்கதையாகச் சொல்வது இதைத்தான் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1969 மார்ச் தொடங்கி பதினான்கு மாதங்கள், நடுநிலை நாடான கம்போடியாமீது பி-52 விமானங்கள் ஒரு லட்சம் டன்னுக்கு மேல் குண்டுகளைக் கொட்டின. தென் வியட்நாமில் போட்டதாகப் பொய்க் கணக்கு எழுதப்பட்டது. 1973 ஜூலை 31 அன்று நிக்சனுக்கு எதிராக முதல் இம்பீச்மென்ட் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் ராபர்ட் டிரைனன் என்ற ஜெசுவிட் பாதிரியார், மாசசூசெட்ஸ் உறுப்பினர். அவருடைய முதன்மையான காரணமே கம்போடியாதான். ஒரு வருடம் கழித்து சபையின் நீதிக் குழு ஓட்டெடுத்தபோது என்ன நடந்தது? வாட்டர்கேட் விசாரணையைத் தடுத்தது: 27க்கு 11. அதிகாரத் துஷ்பிரயோகம்: 28க்கு 10. குழுவின் ஆணைகளை மதிக்காதது: 21க்கு 17. மூன்றும் நிறைவேறின. ஜான் கன்யர்ஸ் கொண்டுவந்த கம்போடியா குற்றச்சாட்டு 26க்கு 12 என்று தோற்றது.

எதிர்க்கட்சி அலுவலகத்தில் புகுந்த களவை மறைத்தது குற்றம், இன்னொரு நாட்டின் வயல்வெளிகளில் ரகசியமாகக் குண்டு போட்டது குற்றமில்லை. இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. காங்கிரஸ் தலைவர்கள் சிலருக்குக் குண்டுவீச்சு முன்பே தெரியும். போருக்கான பணத்தை ஆண்டுதோறும் ஒதுக்கியதும் அதே சபைதான். கம்போடியாவைப் பட்டியலில் சேர்த்தால் நீதிபதியும் கூண்டில் ஏற வேண்டி வரும். யார் ஏறுவாங்க? நிக்சன் 1974 ஆகஸ்ட் 9 அன்று விலகினார். அவர் இடத்துக்கு வந்த அதே ஃபோர்ட் ஒரு மாதத்தில் மன்னிப்பு வழங்கினார். பதவி சுத்தமானது, ஆளைத் தவிர வேறெதையும் இழக்காமல். (1973 நவம்பரில் வீட்டோவை மீறி நிறைவேறிய போர் அதிகாரத் தீர்மானத்தைச் சிலர் சுட்டிக்காட்டலாம். உண்மைதான். ஆனால் அது வேறு வழியில் வந்தது, இம்பீச்மென்டால் அல்ல.)

கிளின்டன் விஷயத்தில் இந்தப் பிளவு கேலிக்கூத்தாகவே ஆனது. மோனிகா லெவின்ஸ்கி உறவு குறித்து 1998 ஆகஸ்ட் 17 அன்று சாட்சியம் அளித்தார். மூன்றாம் நாள் சூடானில் அல்-ஷிஃபா மருந்துத் தொழிற்சாலை ஏவுகணையால் தரைமட்டமானது. அங்கே ரசாயன ஆயுதம் தயாரானதாகச் சொன்னது கடைசிவரை நிரூபிக்கப்படவில்லை. டிசம்பர் 16 அன்று ஈராக்மீது குண்டுவீச்சு. அதனால் சபை விவாதம் ஒரு நாள் தள்ளிப்போனது. 19ஆம் தேதி குண்டுவீச்சு முடிந்தது, அன்றே அவர் இம்பீச் செய்யப்பட்டார், சத்தியப் பிரமாணத்தின்மேல் பொய் சொன்னதற்காக. மருந்து தொழிற்சாலை? அது பேச்சிலேயே இல்லை. குறுகிய கட்சிக் கணக்கிலும் இது நஷ்டம்தான். அந்த நவம்பர் தேர்தலில் குடியரசுக் கட்சி 5 இடங்களை இழந்தது, கிங்ரிச் சபாநாயகர் பதவியைத் துறந்தார், கிளின்டனின் செல்வாக்கு ஏறியது. செனட்டில் விடுதலை.

டிரம்ப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 2019இல் ஒரு முறை, 2021இல் ஒரு முறை. இரண்டாவதில் 57 பேர் குற்றவாளி என்றார்கள், 67 தேவை. 2024இல் மக்களே மறுபடி தேர்ந்தெடுத்தார்கள். செனட் ஓட்டை மட்டும் நம்பியவர்களுக்கு இதற்குமேல் என்ன பாடம் வேண்டும்?

அப்படியானால் கருவியே வீணா? தென் கொரியாவைப் பார்க்கும்போது அப்படிச் சொல்லிவிட முடியவில்லை. 2016இல் மெழுகுவர்த்தியோடு தெருவுக்கு வந்த லட்சக்கணக்கானோர்தான் பார்க் குன்-ஹேயை நீக்கவைத்தார்கள். 2017 மார்ச் 10 அன்று அரசியல் சட்ட நீதிமன்றத்தின் 8 நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். ஆனால் அங்கேயும் பட்டியல் தன் வேலையைக் காட்டியது. 304 பேர் மாண்ட செவோல் கப்பல் விபத்தின்போது அவர் காட்டிய அலட்சியம் குற்றச்சாட்டுகளில் இருந்தது. நீக்கத்துக்கான காரணமாக அதை நீதிமன்றம் ஏற்கவில்லை. யூன் சுக்-யோல் கதை வேறு. 2024 டிசம்பர் 3 இரவு ராணுவச் சட்டம் அறிவித்ததே குற்றச்சாட்டு. அரசியல் செயல் நேரடியாகவே பட்டியலில் ஏறியது. டிசம்பர் 7 அன்று ஆளுங்கட்சியினர் வெளிநடப்புச் செய்து வாக்கெடுப்பைச் செல்லாமல் ஆக்கினார்கள். ஒரு வாரம் கழித்து 204 ஓட்டுகள் கிடைத்தன. அந்த ஒரு வாரமும் கூட்டம் தெருவை விட்டுப் போகவில்லை. சபைக்குள் இருந்த ஒழுக்கசீலர்களை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது.

ஆகவே நான் இம்பீச்மென்டின் பயனை நிறைவேறிய தீர்மானங்களில் தேடுவதில்லை. 1998இல் நிறைவேறியதைவிட 1974இல் தோற்ற கம்போடியா தீர்மானம் எனக்கு முக்கியம். எது குற்றமாக்கப்படவில்லை என்பதை அந்தச் சபையின் சொந்த ஆவணத்திலேயே அது எழுதிவைத்திருக்கிறது. 2008 ஜூனில் டென்னிஸ் குசினிச், புஷ்மீது 35 குற்றச்சாட்டுகளைச் சபையில் வாசித்தார். ஈராக் போருக்காகச் சொல்லப்பட்ட பொய்கள் அவற்றின் மையம். இம்பீச்மென்ட் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று அவருடைய கட்சித் தலைவர் நான்சி பெலோசி 2006லேயே அறிவித்திருந்தார். 251க்கு 166 என்ற ஓட்டில் தீர்மானம் நீதிக் குழுவுக்கு அனுப்பப்பட்டது. அப்போது அந்தக் குழுவின் தலைவர் அதே ஜான் கன்யர்ஸ். அது அங்கிருந்து திரும்பி வரவில்லை.