பெர்சபோலிசின் அபதானா புடைப்புச் சிற்பங்கள்: அரசதிகாரத்தின் இரு படிமங்கள்

பாரசீகப் பேரரசன் முதலாம் தாரியசு (கி.மு. 522–486) தன் அதிகாரத்தைக் கல்லில் இருவேறு வகையாகப் பதிவு செய்துள்ளான். பெகிசுதூன் மலைப்பாறையில், அவன் காலடியில் கௌமாதன் கிடக்கிறான். கைகள் பின்கட்டாகக் கட்டப்பட்ட கிளர்ச்சித் தலைவர்கள் ஒன்பதின்மர், கழுத்துக் கயிற்றால் பிணைக்கப்பட்டு எதிரே நிற்கின்றனர்.

அவன் கி.மு. 518 அளவில் எழுப்பத் தொடங்கிய பெர்சபோலிசு நகரின் அபதானா மண்டபத்தில் இத்தகைய காட்சி இல்லை. தாரியசு தொடங்கி, அவன் மகன் செர்க்சிசு நிறைவு செய்த இம்மண்டபம் 72 தூண்களை உடையது. இதன் படிக்கட்டுச் சுவர்களில் 23 நாட்டுக் குழுக்கள் காணிக்கையுடன் வருகின்றன. ஏலாமியர் பெண்சிங்கத்தையும் அதன் குட்டிகளையும் கொணர்கின்றனர். ஒவ்வொரு குழுத்தலைவனையும் பாரசீக அல்லது மேதிய அலுவலன் ஒருவன் கைப்பற்றி அழைத்துச் செல்கிறான். அடக்குதலைக் காட்டிய கலை இங்கு இசைவைக் காட்டுகிறது.

சூசா அரண்மனைக் கல்வெட்டும் இக்கருத்தையே மொழிகிறது: லெபனான் தேவதாரு, பாக்திரியப் பொன், அயோனியக் கல்தச்சர், எகிப்தியப் பொற்கொல்லர் எனப் பல நாடுகளின் பங்களிப்பை அது பட்டியலிடுகிறது.

எனினும், பெர்சபோலிசில் 1933இல் கண்டெடுக்கப்பட்ட ஏலாமிய மொழிக் களிமண் பலகைகள், பல்வேறு இனத் தொழிலாளர்க்குப் படியளந்த தானியத்தைக் கணக்கிட்டுக் காட்டுகின்றன. சிற்பம் காணிக்கையைக் காட்டுகிறது; பலகை உழைப்பைக் காட்டுகிறது. எனவே, அபதானா சிற்பங்களைப் பேரரசின் நடைமுறைக்குரிய சான்றாகக் கொள்ளாது, அரசு தன்னைக் குறித்து வரைந்த படிமமாகக் கொள்வதே பொருந்தும்.