பேச்சில் கலந்த சொற்கள்: களையா, பயிரா?

"பசியாறிட்டீங்களா?" மலேசியத் தமிழர் இல்லங்களில் காலையில் ஒலிக்கும் கேள்வி இது. இங்கே பசியாறுதல் என்றால் காலை உணவு உண்பது. இத்தகைய பேச்சு வழக்குகளைக் கொச்சை என ஒதுக்குவதா, காப்பதா? விடை காண, முதலில் அவற்றை வகை பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் வகை, தோட்டப்புறம் தந்தவை. ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் ஆள் கணக்கெடுப்பது 'பெரட்டு'. வரிசை வீடுகள் 'லயம்'. ஆங்கிலத்தின் 'பரேட்', 'லைன்' ஆகியவை பாட்டாளிகளின் நாவில் பெற்ற வடிவங்கள் இவை. பால் வடியும் கிண்ணம் 'மங்கு'. வெட்டிய இடத்தில் காய்ந்து ஒட்டியிருப்பது 'ஒட்டுப்பால்'. வேலைக்குப் போகும் தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுச் சென்ற இடம் 'ஆயக்கொட்டகை'. இவை வெறும் சொற்கள் அல்ல, நம் வரலாறு. தோட்டங்களை விட்டு மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்த பிறகு, பெரியவர்களின் நினைவில்தான் இவை பெரும்பாலும் எஞ்சியிருக்கின்றன.

இரண்டாவது வகை, அண்டை வீட்டார் தந்தவை. மலாய்க்காரர்களிடமிருந்து 'பசார்', சீனர்களிடமிருந்து உணவைப் பொட்டலம் கட்டும் 'தப்பாவ்'. நாமும் கொடுக்காமல் இல்லை. நமது கடை மலாயில் 'கெடாய்' ஆனது. கப்பல் 'காப்பால்' ஆனது. பெட்டி 'பெத்தி' ஆனது. இன்று எல்லா இன இளைஞர்களும் நண்பனை 'மச்சா' என்கிறார்கள்.

மூன்றாவது வகைதான் கவலைக்குரியது. "வெயிட் பண்ணு", "ஹெல்ப் பண்ணு", "டிசைட் பண்ணு". முன்னிரு வகைகளில் புதிய பொருளோடு புதிய பெயர் வந்து சேர்ந்ததே மிகுதி. இதிலோ காத்திரு, உதவு, முடிவு செய் என்னும் நம் சொற்கள் இடம் இழக்கின்றன. எல்லாவற்றையும் 'பண்ணு' சுமந்தால், தமிழில் வினைச்சொற்களே மறந்துபோகும்.

அதற்காகப் பேச்சுத் தமிழே பிழையென்று எண்ணிவிடக் கூடாது. சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டு தமிழ்ப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழு, வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கும் இடமளிக்கப் பரிந்துரைத்தது. வீட்டில் பேசும் தமிழைப் பள்ளி இழிவாகப் பார்த்தால், பிள்ளை தமிழைத் திருத்திக்கொள்ளாது, ஆங்கிலத்திற்குத் தாவிவிடும்.

ஆகவே, "பசார்ல மீன் வாங்கினோம்" என்னும் பிள்ளையைப் பெற்றோர் கண்டிக்க வேண்டாம். கட்டுரையில் 'சந்தையில்' என்று எழுதச் சொல்லிக் கொடுத்தால் போதும். "வெயிட் பண்ணு" என்றால் மட்டும், "கொஞ்சம் இரு" என்று நாமே சொல்லிக்காட்டலாம். அப்படியே, 'பெரட்டு' என்றால் என்னவென்று தாத்தா பாட்டியிடம் கேட்டுவரவும் சொல்லலாம். அதை விளக்கிச் சொல்ல அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.